அட்டையில் எழுதிய எடையை யாரும் படிக்கவில்லை

என் மூத்த மகள் 2009 ஜனவரியில் பிறந்தாள், பொங்கல் முடிந்து நாலாம் நாள். எடை 1,900 கிராம். மாதம் குறைந்த பிரசவம் இல்லை, முப்பத்தெட்டு வாரம் முடிந்திருந்தது. குழந்தையைப் பார்த்த டாக்டர் என் கர்ப்ப காலப் பரிசோதனை அட்டையைப் புரட்டிவிட்டு, "இந்த ஒன்பது மாசத்துல உனக்கு எவ்ளோ எடை கூடுச்சும்மா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற என் அத்தைக்கும், அதாவது மாமியாருக்கும், தெரியவில்லை, என் வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. மாதாமாதம் மெஷினில் ஏற்றினார்கள், எழுதினார்கள், அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவரே கணக்குப் போட்டார். பத்தாவது வாரத்தில் 41 கிலோ, கடைசியில் 46 கிலோ. ஐந்து கிலோ.

நடுவில் இருந்த எண்களையும் விரலால் காட்டினார். மசக்கையில் 39.5க்கு இறங்கியிருக்கிறேன். ஆறாம் மாதக் கடைசியில்தான் பழைய 41க்கே திரும்பியிருக்கிறேன். ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 8.4, ரத்தசோகை. இவ்வளவும் நீல மையில் தெளிவாக எழுதியிருந்தது. எழுதியவர்களை நான் குறை சொல்லவில்லை, ஒரே காலையில் எங்கள் பக்கத்துப் பத்து ஊர்ப் பெண்களையும் அவர்கள்தான் பார்த்தார்கள். ஆனால் போன மாத எண்ணையும் இந்த மாத எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒருவர் பார்த்திருந்தால் எட்டாம் மாதத்திலாவது ஏதாவது செய்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

எங்கள் ஊர் தருமபுரி மாவட்டத்தில் மழையை நம்பிய மேட்டு நிலம். கேழ்வரகு, அவரை, துவரை, கொள்ளு. நான் கல்யாணமாகி வந்தபோது வீட்டில் இரண்டு கறவை மாடுகள் இருந்தன. காலையும் மாலையுமாக எட்டு லிட்டர் கறக்கும், எட்டும் சொசைட்டிக்குப் போகும். நகைக்கடன் வட்டியும் தவிட்டுக் கடைப் பாக்கியும் அந்தப் பணத்தில்தான் அடைந்தன. வயிற்றில் பிள்ளையோடு நான் தினமும் அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றிவிட்டு வருவேன். வந்து பால் விடாத வரட்டீ குடிப்பேன். பால் குடிக்காதே என்று யாரும் சொல்லவில்லை. குடி என்றும் யாரும் சொல்லவில்லை. இருபது வயது மருமகள், கேட்க வாய் வரவில்லை.

ஆடி, ஆவணியில் களை எடுத்தேன். கார்த்திகையில் கேழ்வரகு அறுப்பு. ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் பக்கம் வருவதற்கு முந்தைய காலம் அது. அந்தத் திட்டமே 2013ல்தான் ஓட ஆரம்பித்தது. இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று இரண்டு குடம் தண்ணீர் சுமப்பேன். சாப்பாடு காலை பத்து மணிக்குக் களி, மூன்று மணிக்கு மீதிக் களி, இரவு எல்லோரும் சாப்பிட்ட பிறகு சோறு. மாமனார், வீட்டுக்காரர், மச்சினர், அத்தை, அப்புறம் நான். குழம்பில் காய் இருந்தால் இருக்கும்.

அத்தையைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். இரண்டாம் கரண்டி சோறு போட்டுக்கொள்ளப் போனால், "பிள்ளை வயித்துல பெருத்துட்டா உனக்குத்தாம்மா கஷ்டம்" என்பார். அவருடைய முதல் பிரசவம் வீட்டில், மருத்துவச்சியை வைத்து நடந்தது. இரண்டு நாள் வலி எடுத்து, பிள்ளை தங்கவில்லை. பெரிய பிள்ளை, அதனால்தான் வரவில்லை என்று யாரோ சொன்னது அவர் மனதில் கல்லாக உட்கார்ந்துவிட்டது. அறுத்துப் பிள்ளையை எடுக்க வழியில்லாத காலத்தில் அந்தப் பயத்துக்கு அர்த்தம் இருந்தது. என்னைக் காப்பாற்றத்தான் அவர் என் சோற்றைக் குறைத்தார். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் பிள்ளை பெருத்துவிடும், கறுத்துவிடும் என்று ஊரில் பேச்சு. நான் மாத்திரைகளை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன்.

குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். 108 வண்டி தமிழ்நாட்டில் ஓட ஆரம்பித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, எங்கள் ஊரில் அதில் முதலில் போனது நாங்கள்தான் என்று நினைக்கிறேன். பதினான்கு நாள் அங்கே இருந்தோம். அங்கிருந்த நர்ஸ் அக்கா என் ஜாக்கெட்டைத் தளர்த்தி, குழந்தைக்குத் தொப்பியும் துணியும் மட்டும் விட்டு, என் மார்பின் நடுவில் தவளை மாதிரி ஒட்டவைத்து, பழைய சேலையால் சுற்றிக் கட்டினார். கங்காரு முறை என்றார். 1978ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் போனபோது டாக்டர்கள் ஆரம்பித்த வழி அது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். நான் சாப்பிடப் போகும்போது என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு மகளைக் கட்டிக்கொள்வார். அவளுக்கு உறிஞ்சத் தெம்பு இல்லை. பாலைப் பீய்ச்சி, பாலாடையில் ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுத்தோம். 2,050 கிராம் ஆனதும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சின்னப் பிள்ளையோடு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இதை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறந்த எடை 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் அது எடை குறைந்த குழந்தை. அதற்குச் சூடுதான் முதல் மருந்து. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு தடவை தூக்க வேண்டாம். குளிப்பாட்ட அவசரம் வேண்டாம், துடைத்தால் போதும். சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட விடாதீர்கள். முதல் சில நாள் எடை கொஞ்சம் இறங்கும், பயப்பட வேண்டாம். ஏற ஆரம்பித்த பிறகு ஒரு நாளைக்கு இருபது, முப்பது கிராம் கூடினால் நன்றாக வருகிறது என்று அர்த்தம். உடம்பு சில்லிட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அப்போதெல்லாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 6,000 ரூபாய். எனக்கு அது மகள் பிறந்த பிறகுதான் கைக்கு வந்தது, மாட்டுக் கடனுக்குப் போனது.

காப்பர் டி போட்டுக்கொண்டு மூன்று வருஷம் தள்ளினோம். 2012ல் இரண்டாவது முறை உண்டானபோது நான் 46 கிலோ. எங்கள் ஊருக்குப் புதிதாக வந்திருந்த நர்சம்மா நான்காம் மாதம் எடை போட்டுவிட்டு அட்டையை மூடவில்லை. என்னோடு வீட்டுக்கு வந்து, மாட்டுக் கொட்டகைப் பக்கம் அத்தைக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "போன மாசம் 46.5, இந்த மாசம் 46.7. இருநூறு கிராம்தாங்கம்மா கூடியிருக்கு. இவளோட முதல் பிள்ளை எடை ஞாபகம் இருக்குதில்ல?" அத்தை பேசவில்லை. நர்சம்மா கட்டியிருந்த மாட்டைப் பார்த்தார். "இது சினையா? எத்தனை மாசம்?"

"எட்டு."

"இன்னும் கறக்கறீங்களா?"

"சேச்சே, கறவையை நிறுத்தி ரெண்டு வாரமாச்சு. கன்னுக்குச் சேர வேணாமா?"

"தவிடு?"

"கூட ஒரு படி வைக்கறோம்."

நர்சம்மா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. என்னை மாட்டோடு வைத்துப் பேசுகிறாரே என்று எனக்கு முதலில் சுருக்கென்றது. ஆனால் அன்று மாலை கேனை மூடுவதற்கு முன்னால் அத்தை ஒரு டம்ளர் பாலை எடுத்து அடுப்பில் வைத்தார். அதன் பிறகு பிரசவம் வரைக்கும் ஒரு நாளும் அது தவறவில்லை. கடைசி இரண்டு மாதம் தண்ணீர்க் குடத்தை என் வீட்டுக்காரர் சைக்கிளில் கட்டி எடுத்துவந்தார். ஊர் சிரித்தது. நூறு நாள் வேலைக்கும் நான் போகவில்லை.

மகன் 2,900 கிராம். சுகப்பிரசவம்தான். மொத்தம் பத்தரை கிலோ கூடியிருந்தேன். பிள்ளை பெருத்தால் வெளியே வராது என்று பயந்த அத்தை அவனை முதலில் கையில் வாங்கினார். நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாவது பிள்ளை பொதுவாகவே முதல் பிள்ளையைவிடக் கொஞ்சம் எடை கூடித்தான் பிறக்கும். ஆரம்பத்திலேயே எனக்கும் ஐந்து கிலோ அதிகம் இருந்தது. அந்த ஒரு கிலோ வித்தியாசமும் ஒரு டம்ளர் பாலால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த டம்ளரும் குடத்தை இறக்கியதும் அதில் சேர்த்திதான்.

2014ல் இருந்து நான் அங்கன்வாடியில் வேலை செய்கிறேன். இங்கே வரும் கர்ப்பிணிகளிடம் நான் முதலில் பேசுவது எடையைப் பற்றித்தான். பத்து, பன்னிரண்டு கிலோ எதற்கு என்று பலருக்குப் புரிவதில்லை. பிள்ளை மூன்று கிலோதானே, மீதி கொழுப்புதானே என்பார்கள். பிள்ளை மூன்று, நஞ்சுக்கொடி அரை கிலோவுக்கு மேல், பனிக்குடத் தண்ணீர் முக்கால் கிலோவுக்கு மேல், கர்ப்பப்பை பெருத்தது ஒரு கிலோ, கூடுதலாக ஊறும் ரத்தம் ஒரு கிலோவுக்கு மேல், மார்பு அரை கிலோ. இதுவே ஏழு தாண்டிவிடுகிறது. மிச்சம் உடம்பில் ஊறும் நீரும், பால் கொடுக்கத் தாய் சேர்த்து வைக்கும் கொழுப்பும். மொத்தமே ஐந்து கிலோ கூடினால் பிள்ளையும் குறைந்திருக்கிறது, தாயின் சதையும் கரைந்திருக்கிறது என்றுதான் பொருள். எனக்கு நடந்தது அதுதான்.

எல்லோருக்கும் ஒரே கணக்கு இல்லை. உயரத்துக்கு ஏற்ற எடைதான் ஆரம்பம். 1.49 மீட்டர் உயரத்தில் 41 கிலோ என்றால், உயரத்தை உயரத்தால் பெருக்கி, வந்த எண்ணால் எடையை வகுக்கும்போது 18.5க்குக் கீழே வரும். அப்படி மெலிந்து ஆரம்பிக்கிறவர்கள் 12.5 முதல் 18 கிலோ வரை கூட வேண்டும் என்கிறது 2009ல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் வெளியிட்ட அளவு. சரியான எடையில் ஆரம்பிப்பவர்களுக்கு 11.5 முதல் 16. ஏற்கெனவே பருமனாக இருப்பவர்களுக்கு அதைவிடக் குறைவு. எங்கள் ஊர்களில் மெலிந்த பெண் பன்னிரண்டைத் தொட்டாலே நான் சந்தோஷப்படுவேன். முதல் மூன்று மாதம் ஒன்றிரண்டு கிலோ, அப்புறம் மாதத்துக்கு இரண்டு கிலோவை ஒட்டி. நான்காம் மாதத்துக்குப் பிறகு ஒரு மாதத்தில் ஒரு கிலோகூடக் கூடவில்லை என்றால் அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் கேட்க வேண்டும், நர்சம்மாவிடமோ டாக்டரிடமோ. ஐந்தாம் மாதத்துக்கு மேல் டேப் வைத்து வயிற்றின் உயரத்தையும் அளப்பார்கள். சென்டிமீட்டர் கணக்கு, கிட்டத்தட்ட எத்தனை வாரமோ அத்தனை. அந்த எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

ஆரம்ப எடை தெரியாவிட்டால் இந்தக் கணக்கு எதுவுமே நிற்காது. நாள் தள்ளிப்போனதும் பதிவு செய்துவிடுங்கள், பன்னிரண்டு வாரத்துக்குள். ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்று மூன்று மாதம் மறைப்பது எங்கள் பக்கம் வழக்கம், ஊருக்கு மறைக்கலாம், நர்சம்மாவுக்கு மறைக்கக் கூடாது. அப்புறம், ஒரே மெஷினில் போடுங்கள். எங்கள் சென்டர் மெஷினுக்கும் ஆரம்ப சுகாதார நிலைய மெஷினுக்கும் முக்கால் கிலோ வித்தியாசம் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஒரு பெண்ணுக்கு எடை இறங்கிவிட்டதென்று வீடே அழுதது, மெஷின்தான் மாறியிருந்தது.

சாப்பாட்டில் என்ன கூட்டுவது? ஒரு நாளைக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது நம் நாட்டு ஊட்டச்சத்துக் கணக்கு. எங்கள் ஊர் மொழியில் அது ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம். அவ்வளவுதான். இரண்டு பேருக்குச் சாப்பிடு என்று சொல்வதால்தான் மலைப்பாகிவிடுகிறது. களியை விட வேண்டாம், நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஆனால் களி வயிற்றை அடைத்துக்கொள்ளும். ஏழாம் மாதத்துக்கு மேல் பிள்ளை வயிற்றை மேலே தள்ளும்போது ஒரு வேளைக்கு அரை உருண்டைதான் இறங்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து, ஆறு வேளை சாப்பிட வேண்டும். ஒரு முட்டை, கொள்ளோ துவரையோ ஒரு கிண்ணம், முருங்கைக் கீரை. இவை கடையில் வாங்கும் மாவு டின்னைவிட மலிவு. அந்த டின்னுக்காகக் கடன் வாங்கும் குடும்பங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அங்கன்வாடி சத்துமாவு பாக்கெட் நிறைய வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குப் போகும், சில வீட்டில் கன்றுக்குட்டிக்கும் போகும். மகப்பேறு உதவி இப்போது 18,000 ரூபாய், அதில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்தி. அதிலிருக்கும் பேரீச்சையும் நெய்யும் வந்த இரண்டாம் நாள் காலி, வீட்டில் எல்லோரும் ஆளுக்கு ஒரு கை எடுக்கிறார்கள். அதனால் நான் பெட்டகத்தைக் கர்ப்பிணியிடம் மட்டும் பேசி முடிப்பதில்லை. மாமியாரை உட்கார வைத்து, இதை இவளுக்கு நீங்கதாம்மா எடுத்துக் கொடுக்கணும், உங்க கையில்தான் சாவி என்பேன். பொறுப்பைக் கையில் கொடுத்தால் அவர்கள் காப்பாற்றுகிறார்கள். சத்துமாவை சென்டரிலேயே ஒரு உருண்டை பிடித்துக் கொடுத்துவிடுவேன், என் எதிரே சாப்பிட்டால் அது அவளுக்குத்தான்.

இரும்புச்சத்து மாத்திரைக்கும் ஒரு வழி இருக்கிறது. குமட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டு படுத்துவிடுங்கள். டீ, பால், சுண்ணாம்புச் சத்து மாத்திரை மூன்றோடும் சேர்க்கக் கூடாது, இரண்டு மணி நேரமாவது தள்ளி. நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் நல்லது. மலம் கறுத்துப் போகும், பிள்ளை கறுக்காது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே கணக்கெடுப்பில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. ஆஸ்பத்திரிக்கு எல்லோரையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். வருவதற்கு முந்தைய ஒன்பது மாதம்தான் இன்னும் கைக்கு வரவில்லை.

வேலையைப் பற்றி ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டது எனக்கு மறக்கவில்லை. புனே பக்கம் ஆறு கிராமங்களில் விவசாயக் குடும்பத்துப் பெண்களைக் கர்ப்ப காலம் முழுக்கப் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள், அங்குள்ள கேஈஎம் ஆஸ்பத்திரி டாக்டர்கள். கீரை, பழம், பால் அடிக்கடி சாப்பிட்டவர்களின் பிள்ளைகள் எடை கூடியும், வயலிலும் வீட்டிலும் கடுமையாக உழைத்தவர்களின் பிள்ளைகள் எடை குறைந்தும் பிறந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு என் இரண்டு குடமும் பால் கேனும்தான் கண்முன் வந்தன. சாப்பாட்டைக் கூட்ட முடியாத வீட்டிலும் குடத்தை இறக்க முடியும், அதற்குக் காசு வேண்டாம். பகலில் இரண்டு மணி நேரம் இடது பக்கமாகப் படுத்தால் அதையும் வேலையாக நினையுங்கள். விறகடுப்புப் புகையிலும் நெடுநேரம் உட்கார விடாதீர்கள்.

எடை கூடினாலே நல்லது என்றும் இருந்துவிடக் கூடாது. எங்கள் சென்டருக்கு வந்த ஒரு பெண் எட்டாம் மாதத்தில் ஒரே வாரத்தில் இரண்டு கிலோ கூடினாள். மாமியாருக்கு அவ்வளவு பெருமை. எனக்கு அவள் முகம் சரியாகப் படவில்லை, கண்ணிமை தடித்திருந்தது. மோதிரம் கழல்கிறதா என்று கேட்டேன், கழலவில்லை. தலைவலி, கண் மங்கல். அது சதை இல்லை, நீர். ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. அன்றைக்கே வண்டி ஏற்றினோம், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அப்புறம் சர்க்கரை. எங்கள் ஊரிலேயே பருமனான கர்ப்பிணிகள் இப்போது அதிகம் வருகிறார்கள். 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனையில் 140 வந்துவிட்டால் அது சர்க்கரைதான். அத்தை பயந்த பெரிய பிள்ளை அங்கேதான் வரும், பால் டம்ளரில் இல்லை. உயரம் 145 சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பவர்கள் சோற்றைக் குறைக்க வேண்டாம், அறுவை சிகிச்சை வசதி இருக்கும் ஆஸ்பத்திரியை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மூத்தவள் இப்போது பிளஸ் டூ. காலையில் சாப்பிடாமல் பஸ் பிடிக்க ஓடுகிறாள், 43 கிலோ. பெண்கள் எந்த எடையில் கர்ப்பத்துக்குள் போகிறார்கள் என்பதுதான் பாதிக் கணக்கு என்று தெரிந்த நான், என் வீட்டிலேயே அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பள்ளியில் வாரத்துக்கு ஒரு நாள் நீல நிற இரும்பு மாத்திரை கொடுக்கிறார்கள், வாயில் போட்டுக்கொண்டு குழாயடியில் துப்பிவிடுகிறோம் என்று அவளே சொன்னாள். காலை பிரேயர் முடிந்ததும், வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டத்தானே செய்யும். திங்கட்கிழமை டீச்சரைப் பார்க்கப் போகிறேன், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள் டீச்சர் என்று கேட்க.